ஃபேர்ஃபாக்ஸ் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு சுயேச்சை வேட்பாளரின் மடல்

ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் பொதுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்த் தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் வணக்கம்.

2027 நவம்பர் 2 அன்று நம் கவுண்டியின் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் நடக்கிறது. மொத்தம் 12 இடங்கள். ஒன்பது தொகுதிகளுக்குத் தலா ஒருவர், கவுண்டி முழுமைக்கும் பொதுவாக மூவர். மேற்குப் பகுதித் தொகுதி ஒன்றில் நான் நிற்கிறேன். இரண்டு கட்சிகளில் எதனிடமும் ஆதரவு கேட்கவில்லை. தாமாக முன்வந்து கொடுத்தாலும் ஏற்கப்போவதில்லை.

இந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிய நாளிலிருந்து இரண்டு விதமான பேச்சு என் காதுக்கு வருகிறது. "கட்சி இல்லாமல் நின்றால் டெபாசிட் கூடத் தேறாது" என்பது ஒன்று. "யாராக இருந்தால் என்ன, நம் ஆள், போட்டுவிடுவோம்" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொன்னவர்கள் என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார்கள். ஆனால் இங்கே டெபாசிட் என்ற ஒன்றே கிடையாது. தொகுதியில் பதிவு பெற்ற வாக்காளர்கள் 125 பேரின் கையெழுத்து இருந்தால் போதும், வாக்குச்சீட்டில் பெயர் வந்துவிடும். இரண்டாவதைச் சொன்னவர்கள் அன்பினால் சொன்னார்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. இந்த மடலை எழுதத் தூண்டியதும் அதுவே.

முதலில் கட்சி விஷயம். வர்ஜீனியாவில் பள்ளி வாரிய வேட்பாளர் யாரையும் எந்தக் கட்சியும் முறைப்படி நியமிக்க முடியாது. வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி அடையாளம் வராது. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறை வேறு. வாக்குச்சாவடி வாசலிலிருந்து 40 அடி தள்ளி இரு கட்சித் தொண்டர்களும் மாதிரி வாக்குச்சீட்டோடு நிற்பார்கள். சட்டமன்றத்துக்கு யார், கவுண்டிக்கு யார் என்ற பட்டியலின் அடியில் பள்ளி வாரியத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அப்படியே குறித்துவிட்டு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாரிய வேட்பாளர்களைப் பற்றி வேறு யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2019ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் 12 இடங்களையும் ஜனநாயகக் கட்சியின் ஆதரவு பெற்றவர்களே வென்றார்கள். அவர்களில் பொறுப்பாக உழைத்தவர்கள் உண்டு. அதை மறைத்து வாக்குக் கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 12 பேரும் ஒரே வாசல் வழியாக வரும்போது, ஒரு பெற்றோர் எழுந்து "இந்த முடிவு சரியில்லை" என்று சொன்னால், அது பிள்ளையைப் பெற்றவரின் குரலாகக் கேட்பதில்லை. எதிர்க்கட்சியின் குரலாகக் கேட்கிறது. மறுபக்கமும் சளைத்ததல்ல. குடியரசுக் கட்சியின் ஆதரவோடு வருபவர்கள் பலர் தொலைக்காட்சியில் ஓடும் நாடளாவிய சண்டைகளை அப்படியே நம் பள்ளி வாசலில் இறக்கிவைக்கிறார்கள். நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்ற பேச்சிலேயே ஒரு மாலை கழிந்துபோகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏன் இன்னும் வாசிக்கத் திணறுகிறது என்ற கேள்விக்கு நேரம் மிச்சமிருப்பதில்லை.

நான் கட்சிகளை வெறுப்பவள் அல்ல. சட்டமன்றத்துக்கும் ஆளுநர் பதவிக்கும் கட்சி பார்த்தே வாக்களிக்கிறேன், தொடர்ந்து அப்படித்தான் செய்வேன். பள்ளி வாரியம் வேறு வகையான இடம். அங்கே எடுக்கும் முடிவு மறுநாள் காலை ஏழு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. அந்த இடத்தில் உட்காருபவர் அடுத்த பதவிக்கு ஏணி தேடுபவராக இருக்கக் கூடாது. கட்சி ஆதரவை வாங்கிக்கொண்டவருக்கு அந்த ஏணி எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த தேர்தலில் ஆதரவைப் புதுப்பிக்க வேண்டுமே என்ற கணக்கு ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் உள்ளே புகும். எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

இந்த வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இங்குள்ளவர்களுக்கு எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்காவிலேயே கடைசியாகத்தான், 1992இல், வர்ஜீனியா மாநிலம் பள்ளி வாரியங்களை மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் செய்தது. அதுவரை மேலிருந்து நியமனம்தான். பக்கத்திலிருக்கும் ஆர்லிங்டனுக்கு மட்டும் 1940களின் பிற்பகுதியில் விதிவிலக்கு கிடைத்திருந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்கவைக்க ஆர்லிங்டன் வாரியம் திட்டம் தீட்டியது. உடனே, 1956இல், மாநிலச் சட்டமன்றம் அந்தத் தேர்தல் உரிமையைப் பறித்துக்கொண்டது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இன்னும் ஒரு படி மேலே போனது. பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைப்பதைவிடப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று 1959இல் பூட்டுப் போட்டது. 1964 வரை அங்கே பொதுப் பள்ளியே இல்லை. ஒரு தலைமுறைக் கறுப்பினப் பிள்ளைகள் ஐந்தாண்டுப் படிப்பை இழந்தார்கள்.

நம் ஃபேர்ஃபாக்ஸும் விலக்கல்ல. 1954இல் லூதர் ஜாக்சன் பள்ளி திறக்கும்வரை இந்தக் கவுண்டியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே கிடையாது. படிக்க வேண்டுமென்றால் மனாசஸுக்கோ வாஷிங்டனுக்கோ போக வேண்டும். 1965இல் அது எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கும் நடுநிலைப் பள்ளியானது. அதே 1965இல்தான் நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்குள் வர வழி திறந்த குடிவரவுச் சட்டமும் நிறைவேறியது. இரண்டும் ஒரே போராட்டத்தின் விளைச்சல். பள்ளி வாரியக் கூட்டங்கள் நெடுங்காலமாக அந்த லூதர் ஜாக்சன் பள்ளி அரங்கில்தான் நடந்துவந்தன. அந்த அரங்கில் போய் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் நம் பெற்றோரை அங்கே தேடியிருக்கிறேன். பெரும்பாலான கூட்டங்களில் நம்மவர் ஓரிருவரே. ஒரே ஒரு விவகாரத்துக்கு மட்டும் கூட்டம் கூட்டமாக வந்தோம்.

அது டிஜே விவகாரம் என்று சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

டிஜே என்று நாம் அழைக்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல், தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வையும் 100 டாலர் கட்டணத்தையும் 2020இல் வாரியம் நீக்கியது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் எட்டாம் வகுப்பில் முதல் 1.5 சதவீதத்தினருக்கு இடம் ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சேர்க்கையில் ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக இறங்கியது. வழக்கு நடந்தது. மாவட்ட நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் வாரியத்தின் பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் விசாரிக்க மறுத்துவிட்டது. இதில் என் நிலை என்னவென்று பலர் கேட்டுவிட்டார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மாற்றம் பெருந்தொற்று முடக்கத்தின் நடுவே, பெற்றோர் நேரில் வந்து பேச முடியாத காலத்தில், அவசர அவசரமாகச் செய்யப்பட்டது. அது தவறு. ஆனால் அந்தப் பள்ளியின் இடங்கள் நம் பிள்ளைகளுக்கென்று எழுதிவைக்கப்பட்டவை என்ற எண்ணத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன் ஒருவரைக்கூட அனுப்பாத நடுநிலைப் பள்ளியிலும் கணக்கில் சூரப்புலியான பிள்ளை இருக்கும். டியூஷனுக்கு அனுப்ப அதன் அம்மாவிடம் காசு இருந்திருக்காது.

இதைப் படித்துவிட்டு என்னை ஆதரிக்க முடியாது என்று நீங்கள் முடிவு செய்தால், அது நியாயமான முடிவு. தமிழச்சி என்பதற்காக என் கொள்கையைக் கேட்காமல் வாக்களிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்றை எண்ணிப்பாருங்கள். நம் கவுண்டிப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,80,000 பிள்ளைகள் படிக்கிறார்கள். டிஜே ஒரு வகுப்புக்கு எடுப்பது சுமார் 550 பேரை. அதுவும் லவுடன், பிரின்ஸ் வில்லியம் போன்ற பக்கத்து இடங்களையும் சேர்த்து. நம் வீட்டு உணவு மேசைகளில் இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மற்றவற்றுக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ மாறியிருக்கும். இரண்டாம் வகுப்பிலேயே ஏஏபி என்னும் மேம்பட்ட கல்வித் திட்டத்துக்கான சோதனைக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கித் தருகிறோம். அந்தப் பிள்ளையின் வகுப்புக்கு மூன்று மாதமாக நிரந்தர ஆசிரியர் இல்லாமல் மாற்று ஆசிரியரே ஓட்டிக்கொண்டிருந்தால், அது ஏன் என்று யாரிடமும் கேட்பதில்லை.

வாரியத்தின் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. ஏறத்தாழ 400 கோடி டாலர் வரவுசெலவை அது திட்டமிடும். பணத்தின் பெரும்பகுதியைத் தருவது கவுண்டியின் மேற்பார்வையாளர் அவை, அதாவது நம் வீட்டு வரி. ஜனவரியில் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பார், பிப்ரவரியில் வாரியம் அதைத் திருத்தி அனுப்பும், ஏப்ரலில் மேற்பார்வையாளர் அவை பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும், மே மாதத்தில் முடிவாகும். மாநிலம் தன் பங்கைச் சரியாகத் தருவதில்லை என்பது வெறும் புலம்பல் அல்ல. மாநிலச் சட்டமன்றத்தின் சொந்த ஆய்வுக் குழுவே 2023இல் அறிக்கை கொடுத்தது: வர்ஜீனியாவில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் பணம் நாட்டுச் சராசரியைவிட 14 சதவீதம் குறைவு. மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இதைப் பேச வேண்டியவர்கள் இரு கட்சியினரும்தான். ரிச்மண்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரே குரலில் கேட்கக்கூடியவர் வாரியத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

எல்லைக் கோடுகள் வாரியத்தின் கையில் இருக்கின்றன. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதை வாரியமே வரைகிறது. மேற்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது நன்றாகத் தெரியும். ஹெர்ன்டன் பக்கத்தில் புதுக் குடியிருப்புகள் எழுந்த வேகத்துக்குப் பள்ளிகள் எழவில்லை. கோட்ஸ் தொடக்கப் பள்ளி போன்ற இடங்களில் பிள்ளைகள் டிரெய்லர் வகுப்பறைகளில் படிக்க வேண்டிவந்தது. பல பத்தாண்டுகளாக நடக்காத முழு எல்லைச் சீரமைப்பு இப்போதுதான் நடந்து, 2026 ஜனவரியில் முடிவானது. இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது நடக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அப்படியானால் அடுத்த வாரியத்தின் காலத்திலேயே மறுபடியும் கோடுகள் வரையப்படும். மேற்கில் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்காக 2025இல் கிங் அப்துல்லா அகாடமி கட்டடத்தை 15 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கட்டடம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இவ்வளவு பெரிய கொள்முதலில் பெற்றோருக்குக் கணக்கைக் காட்டிக் கேள்வி கேட்க விட்ட நேரம் போதாது என்பது என் கருத்து. அடுத்த முறை கோடு வரையும்போது, வரைபடம் வெளியாகும் நாளுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் இடையே பெற்றோர் படித்துப் புரிந்து பேசப் போதிய மாதங்கள் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதவைக்க முயல்வேன்.

இனி, நம் கூட்டங்களில் யாரும் வாய் திறக்காத விஷயத்துக்கு வருகிறேன்.

என் இளைய மகனுக்கு ஐஇபி, அதாவது குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி எழுதித்தரும் தனிக் கல்வித் திட்டம், உண்டு. அவனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பேச்சுத் தாமதம் இவையெல்லாம் நம் வீடுகளிலும் மற்ற வீடுகளில் இருக்கும் அளவுக்கு இருக்கின்றன. ஆனால் பொங்கல் விழாவுக்கு அந்தப் பிள்ளையை அழைத்துவரத் தயங்குகிறோம். ஊரில் இருக்கும் பாட்டி தாத்தாவிடம்கூடச் சொல்வதில்லை. அக்காவின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைக்கிறோம். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று மூத்தவர்கள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, சிறு வயதில் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சியின் பொன்னான இரண்டு மூன்று ஆண்டுகளைக் கைநழுவ விடுகிறோம். இந்த மௌனத்தால் பள்ளிகளுக்கு எந்த நெருக்கடியும் இல்லை. கேட்காதவருக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்?

கூட்டரசின் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குறைபாடுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தேவைக்கு ஏற்ற கல்வியைக் கட்டணமின்றித் தருவது பள்ளியின் கடமை. வேண்டுமென்றால் ஐஇபி கூட்டத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். "எனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே" என்று கூச்சப்படாதீர்கள். மென்பொருள் எழுதும் ஆங்கிலம் வேறு, அந்த மேசையில் பேசும் சட்ட ஆங்கிலம் வேறு. வர்ஜீனியாவில் பெற்றோரின் எழுத்து வழிச் சம்மதம் இல்லாமல் ஐஇபியை மாற்ற முடியாது. எட்டுப் பேர் எதிரே உட்கார்ந்திருந்தாலும், அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுப் போடலாம்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கவுண்டி தன் குறைபாடுள்ள மாணவர்கள் ஆயிரக்கணக்கானோருக்குத் தர வேண்டிய கல்வியைத் தரவில்லை என்று கூட்டரசுக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் 2022 நவம்பரில் கண்டறிந்தது. இழந்ததை ஈடு செய்வதாகக் கவுண்டி ஒப்பந்தம் போட்டது. நம் பெற்றோரில் எத்தனை பேர் அந்த ஈட்டைக் கேட்டு வாங்கினார்கள்? எனக்குத் தெரிந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது. வாரியத்தில் அமர்ந்தால் நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். சிறப்புக் கல்வி உதவியாளர்களின் காலியிடங்கள் எத்தனை என்று பள்ளிவாரியாக மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும். அந்த வேலையைச் செய்பவர்களில் எச்-4 பணி அனுமதியோடு, அதாவது எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைவர் என்ற முறையில், உழைக்கும் நம் பெண்களும் இருக்கிறார்கள். ஊரில் பொறியியலோ முதுகலையோ முடித்துவிட்டு இங்கே வந்து, நாள் முழுவதும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஊதியத்தில் இந்தக் கவுண்டியில் வாடகைக்கு ஒரு வீடு எடுக்க முடியாது. அவர்கள் நிலைத்து நிற்காவிட்டால் ஐஇபியில் என்ன எழுதியிருந்தாலும் வெறும் தாள்தான்.

கூடவே இன்னொன்று. நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதி பெற்ற குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். 200க்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் வீடுகளின் பிள்ளைகள் ஒரே பள்ளி அமைப்பில் படிக்கிறார்கள். நம் குடியிருப்புகளிலிருந்து பார்த்தால் இது கண்ணில் படாது. காமராசர் ஊரூராகப் பள்ளி திறந்து மதிய உணவு போட்ட காலத்தில் வகுப்பில் போய் உட்கார்ந்தவர்கள் நம் பெற்றோர். அந்தச் சோறு இல்லையென்றால் நம்மில் பலருடைய அப்பாவோ அம்மாவோ எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்த நன்றி நமக்குள் இருந்தால், உணவுக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புக்கும் பணம் ஒதுக்கும்போது "அது நம் பிள்ளைகளுக்கு இல்லையே" என்று சொல்ல நா எழாது.

குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பகுதியினர் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருக்கிறோம். பிள்ளைகள் இங்கே பிறந்த குடிமக்கள், பெற்றோருக்கு வாக்கு இல்லை. தயவுசெய்து எந்தக் காரணம் கொண்டும் வாக்காளராகப் பதிவு செய்யாதீர்கள். வாகன உரிம அலுவலகத்தில் நீட்டப்படும் படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தெரியாமல் போட்ட ஒரு குறி பல ஆண்டுக் காத்திருப்பைப் பாழாக்கி, நாடு கடத்தல் வரை கொண்டுபோகும். விசாவில் இருப்பவர்கள் எனக்கோ வேறு எந்த வேட்பாளருக்கோ ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது, அது கூட்டரசுச் சட்டம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் தரலாம். வர்ஜீனியாவில் உள்ளூர்த் தேர்தல் நன்கொடைக்கு உச்ச வரம்பே இல்லை. அது எனக்குப் பிடிக்காத சட்டம். பள்ளிகளோடு வணிகம் செய்யும் நிறுவனங்களிடமிருந்து நான் எதையும் வாங்கப்போவதில்லை. வரவெல்லாம் மாநிலத் தேர்தல் துறையில் பொதுமக்கள் பார்க்கும்படி பதிவாகும்.

வாக்கு இல்லையென்றாலும் உங்களுக்குக் குரல் உண்டு. வரவுசெலவுக் கூட்டத்தில் பேசுவதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. வாரியக் கூட்டத்தில் பெயர் பதிந்துவிட்டு ஓரிரு நிமிடம் பேசலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பேற்கலாம். வீடு வாங்கியவர் நேரடியாகவும் வாடகைக்கு இருப்பவர் வாடகை வழியாகவும் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில்தான் பள்ளி நடக்கிறது. அச்சத்தோடு ஒதுங்கி நிற்க வேண்டிய இடம் அல்ல அது.

குடியுரிமை பெற்றவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நம் பள்ளி வாரியத் தேர்தல் நடந்த 2019, 2023 ஆண்டுகளில் இந்த மாநிலத்தில் வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. அதிபர் தேர்தலுக்கு இரவெல்லாம் விழித்திருந்து முடிவு பார்க்கும் நாம், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் 45 நாள் முன்கூட்டியே வாக்களிக்க வசதி இருந்தும் போகாமல் விட்டுவிடுகிறோம். வாக்குரிமைக்காகப் பதினைந்து ஆண்டு வரிசையில் நின்றவர்கள் நாம். அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை.

கடைசியாக, தமிழ்ச் சங்கங்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 14ஐப் பொங்கல் நாளாக 2017இல் வர்ஜீனியா சட்டமன்றம் அறிவிக்கப் பாடுபட்டவர்கள் நம்மவர்களே. பொது வாழ்வில் நம்மால் எதையும் சாதிக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் வரும் விழாக்களில் என்னை மேடையேற்றி, சால்வை போட்டு, "நம் வேட்பாளர்" என்று அறிமுகம் செய்யாதீர்கள். பார்வையாளர் வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன், அதுவே போதும். வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரித்துப் பிரசாரம் செய்யக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். என் பொருட்டுச் சங்கத்தின் வரிவிலக்குக்கு ஆபத்து வர விடமாட்டேன். சட்டம் தடுக்காவிட்டாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். சங்கம் எல்லாக் கட்சித் தமிழருக்கும் வீடு.

அதற்குப் பதிலாகச் சட்டம் தாராளமாக அனுமதிக்கும் ஒன்றைச் செய்யுங்கள். 2027 செப்டம்பரில் முன்வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன், மேற்குப் பகுதித் தொகுதிகளில் நிற்கும் எல்லா வேட்பாளர்களையும், கட்சி ஆதரவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும், ஒரே மேடைக்கு அழையுங்கள். எல்லோருக்கும் சம நேரம் கொடுங்கள். கேள்விகளை முன்கூட்டியே எங்களிடம் தராதீர்கள். தமிழர்கள் மட்டும் அல்லாமல் பக்கத்துக் குடியிருப்பின் ஸ்பானிய, கொரிய, எத்தியோப்பியப் பெற்றோருக்கும் அழைப்பு அனுப்புங்கள். மதியச் சாப்பாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தால் தாய்மார்கள் அதிகம் வருவார்கள். இந்த வேலையில் தமிழ்ச் சங்கங்களை மிஞ்ச யாரும் இல்லை.

அந்த மேடையில் என்னிடமும் மற்றவர்களிடமும் இவற்றைக் கேளுங்கள். கவுண்டி கேட்ட பணத்தைத் தரவில்லையென்றால் முதலில் எதை வெட்டுவீர்கள்? பள்ளியின் பெயரைச் சொல்லி, வகுப்பின் பெயரைச் சொல்லிப் பதில் தரச் சொல்லுங்கள். அடுத்த எல்லைச் சீரமைப்பில் உங்கள் சொந்தத் தெருவின் பிள்ளைகள் தொலைவான பள்ளிக்குப் போக வேண்டிவந்தால் எப்படி வாக்களிப்பீர்கள்? சிறப்புக் கல்வி உதவியாளரின் ஊதியம் இன்று எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? கட்சியின் நிலைப்பாட்டுக்கு எதிராக நீங்கள் கடைசியாக எப்போது பொதுவெளியில் பேசினீர்கள்? கட்சி சாராத என்னிடம் அதற்கு ஈடாக, "உன்னோடு ஒருவர்கூடச் சேராத வாரியத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு எதைச் சாதிப்பாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நான் இப்போதிருந்தே பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளோடு தன் பிள்ளைகளையும் அதே பஸ்ஸில் ஏற்றிவிடும் ஒரு தாய்,
ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, வர்ஜீனியா